முதல் வரிசை நாற்காலி

போர் தொடங்கியதிலிருந்து மருதேரியில் இரவில் விளக்கேற்றக் கூடாது என்று தளபதியின் உத்தரவு. அதனால் கூத்தைப் பட்டப்பகலில் ஆடினார்கள். வியர்வையில் அரிதாரம் கழுத்துவரை வழிந்தது.

கோமாளி வேஷம் கட்டியவர் அய்யாவு. தச்சு வேலையை விட்டுவிட்டுத் தலை நரைத்தபின் கூத்துக்கு வந்தவர். கற்றுக்கொடுத்த வாத்தியார் பொன்னுரங்கம் அவரைவிட இளையவர்.

ஊரார் எதிரிப் படைக்குச் சோறு போட்டார்கள் என்று தளபதி ஏரி மதகைப் பூட்டிவிட்டார். ஊர்ப் பயிர் மொத்தமும் காய்ந்துகொண்டிருந்தது, அய்யாவு தம்பியின் வயல் உட்பட. தளபதியோ ஒரு கூத்துகூட விடாமல் வந்து முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அய்யாவு அவர் எதிரிலேயே போய் நின்றார்.

"எங்க தளபதி பெத்த தாய் மாதிரி. நமக்குச் சளி பிடிக்கக் கூடாதுன்னுதான் மதகைப் பூட்டி வெச்சிருக்கார்."

தளபதி தொடையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த கூத்தில் அய்யாவு அவர் மீசையைக் கேலிக்கு இழுத்தார், வீரத்தை இழுத்தார். தளபதி கண்ணில் நீர் வரச் சிரித்து, பட்டுச் சால்வை போர்த்தினார். மதகு திறக்கவில்லை.

சால்வையோடு வீடு திரும்பியவரைத் தம்பி பெண்டாட்டி வாசலிலேயே நிறுத்தி, தளபதி வீட்டில் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டாள்.

அய்யாவு நேரே வாத்தியாரிடம் போனார். இதற்குமேல் அந்த ஆளை எப்படித் திட்டுவது, இனி அவன் பாட்டனைத்தான் இழுக்க வேண்டுமா என்று கத்தினார்.

"இதையே எத்தனை தடவைண்ணே கேப்பீங்க?" என்று சலித்துக்கொண்டார் வாத்தியார். "நாளைக்கு உங்க குல்லாவைக் குடுங்க."

மறுநாள் கோமாளியாக வாத்தியார் வந்தார். தளபதியின் நாற்காலியைத் தாண்டி நடந்தார். பின்னால், பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் நின்றார்.

"வள்ளியக்கா, உன் வயல் எப்படியிருக்கு?"

வேடிக்கை என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் காத்திருந்தார்.

"வெடிச்சுக் கெடக்கு," என்றாள்.

பக்கத்திலிருந்தவர், மாட்டுக்குக்கூடத் தண்ணீர் இல்லை என்றார். அதன்பின் வாத்தியார் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தளபதி திரும்பித் திரும்பிப் பார்த்தார். முன்பக்கம் யாரும் பார்க்கவில்லை. அவர் எழுந்து போனார்.

பொழுது சாயும் முன்பே சேவகன் வந்தான். கூத்துக்குத் தடை, குழு உடனே ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும் என்றான்.

வண்டியில் பெட்டியை ஏற்றும்போது அய்யாவு பொருமித் தீர்த்தார். திடலில் கூட்டம் இன்னும் கலையவில்லை. பேச்சுச் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"நீங்க ஒரு வார்த்தை திட்டலை. அவர் பேரைக்கூடச் சொல்லலை. உங்களை ஊரைவிட்டே துரத்துறார். நான் அந்தத் திட்டு திட்டினேன், கைதட்டி ரசிச்சார். என்ன மனுஷன் வாத்தியாரே அவர்?"

வாத்தியார் பெட்டிமேல் கயிற்றை இறுக்கினார்.

"நல்ல ரசிகர்தாண்ணே. நீங்க அவரைப் பார்த்தே ஆடினீங்க."