பனிக்குக் கல்யாணம்

மலைமேல் இருந்த பனியாறு ஒவ்வொரு கோடையிலும் உருகிப் பின்வாங்கிக்கொண்டே போனது. வாய்க்கால் வறண்டது. பார்லி வயல்கள் தரிசாயின. ஊரில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது.

மிச்சமிருந்தவர்கள் பனிக்குக் கல்யாணம் செய்யக் கிளம்பினார்கள். அங்கே அது பழைய வழக்கம். மண்ணும் கல்லும் கலந்து கறுத்த பனி ஆண், வெளுத்த பனி பெண். இரண்டையும் வெட்டிக் கூடையில் சுமந்துபோய், வெயில் படாத மலையிடுக்கில் சேர்த்து வைத்து உமியால் மூடினால், புதுப் பனியாறு வளரும் என்பார்கள். வழியில் பேசக்கூடாது. கூடையைத் தரையில் வைக்கவும் கூடாது.

ஊரின் வயதான குருவோடு அவருடைய சிஷ்யை யாங்சோமும் வந்தாள், கைக்குழந்தையோடு.

"கல்யாணத்துக்குப் பிள்ளையோடவா வர்றது?" என்று சிரித்தான் பக்கத்து வீட்டு ஸ்டோப்தன்.

"வரட்டும்ப்பா. விருந்தாளின்னு வேற யார் இருக்கா ஊர்ல?" என்றார் குரு. குழந்தையை வாங்கித் தன் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

யாங்சோமின் முதுகில் வெள்ளைப் பனி ஏறியது. ஸ்டோப்தன் கறுப்புப் பனியோடு முன்னே போனான்.

ஏற்றம் முடிகிற வழியாக இல்லை. கூடையிலிருந்து நீர் சொட்டி அவள் முதுகெல்லாம் நனைந்தது. ஒரு திருப்பத்தில் ஸ்டோப்தன் மறைந்ததும் நின்றுவிட்டாள்.

"குருவே, இது வளருமா?"

குரு உதட்டில் விரல் வைத்தார்.

"பரவாயில்லை, சொல்லுங்க. போகப் போக உருகிக்கிட்டே இருக்கு. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. இவன் வளர்றப்போ இங்கே குடிக்கத் தண்ணி இருக்குமா? இது வளராதுன்னா இப்பவே சொல்லிடுங்க. இங்கேயே இறக்கி வெச்சிட்டு, இவனைத் தூக்கிக்கிட்டு நாளைக்கே கீழே டவுனுக்குப் போயிடறேன்."

கூடையின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

குருவுக்கு மூச்சு வாங்கியது. பக்கத்திலிருந்த பாறையைப் பார்த்தார். குழந்தையை அங்கியிலிருந்து வெளியே எடுத்தார்.

"எனக்கும் கை வலிக்குதும்மா. இவன் நல்லபடியா வளர்வானா?"

"அது எப்படி இப்பவே தெரியும்?"

"அப்போ, தெரியற வரைக்கும் இந்தப் பாறை மேல வெச்சிடறேன்."

"ஐயோ! குடுங்க இப்படி!" வாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை தூக்கத்திலேயே கொட்டாவி விட்டது. குரு அவனை மறுபடி அங்கிக்குள் செருகிக்கொண்டார்.

"உனக்கு முதுகுல ஒண்ணு இருக்கே. இவனை நான் தூக்கிட்டு வர்றேன். நட."