பூட்டுத் தகட்டில் ஒரு கட்டைவிரல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மிச்சப் பல் மூன்றும் இன்றைக்கே உதிரட்டும்.

காரைக்குடியில் பழைய மரச்சாமான்களின் பித்தளையைத் துலக்கித் தரும் ராயப்பனுக்கு, 'சரி' ராயப்பன் என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் அவன் வாயில் வரும். அதுவே ஒருநாள் அவன் கழுத்தை இறுக்கியது.

வயிரவன் செட்டியார் வீட்டுத் தேக்கு பீரோ. கைப்பிடி, கீல் எல்லாம் கறுத்துக் கிடந்தன. ராயப்பன் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது செட்டியார் வந்து, சாவித் துளையைச் சுற்றியிருந்த தகட்டைக் காட்டினார். பூவேலை கிடையாது, வெறும் சதுரம், நட்டநடுவில் துளை, மூலைக்கு ஒரு குமிழ் ஆணி. அதில் கட்டைவிரல் ரேகை ஒன்று கறுப்பாகப் பதிந்திருந்தது.

"எம் பொஞ்சாதி உமையாளோடது. எனக்குத் துண்டு எடுக்க ஈரக் கையோட திறந்தா. அங்கேயே விழுந்தா, எந்திரிக்கலை. ஏழு வருஷமா நான் தொட்டதில்லை, அழிஞ்சிரும்னு. இதைத் தேய்ச்சிராதே ராயப்பா."

"சரிங்கய்யா."

மதியம் செட்டியாரின் மகள் தேனம்மை வந்தாள். "நாளைக்கு எம் மகளைப் பொண்ணு பாக்க வாராக. பித்தளையில ஒரு பொட்டுக் கறுப்பு கண்ணுல படக்கூடாது. அந்தத் தகட்டையே பாத்துப் பாத்து அப்பச்சிக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. புதுத் தகடும் வேண்டாம், ஆத்தாளுக்குச் சீரா வந்த பீரோ."

"சரிங்க ஆச்சி."

சொன்ன பிறகுதான் இரண்டு 'சரி'யும் ஒன்றோடொன்று மோதுவது ராயப்பனுக்கு உறைத்தது.

பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. தேனம்மை அந்தத் தகட்டில் முகம் பார்த்து, நெற்றிப் பொட்டைத் திருத்திக்கொண்டு போனாள். செட்டியார் வந்து பார்த்தார்.

"கொன்னுட்டியேடா" என்றார்.

ராயப்பன் அவர் காதில் ஏதோ சொன்னான். கிழவர் பீரோவில் நெற்றியைச் சாய்த்து நின்றார்.

தகடு அதே தகடு. ரேகை அழியவில்லை. கறுப்பும் தெரியவில்லை. இரண்டு 'சரி'யையும் ராயப்பன் எப்படிக் காப்பாற்றினான்?

விடை இதுதான்: ஆணியைக் கழற்றித் தகட்டைப் புரட்டிப்போட்டான். பின்பக்கத்தைத் தேய்த்து வெளியே வைத்தான். உமையாளின் விரல் மரத்தைத் தொட்டபடி உள்ளே கிடக்கிறது. புளியும் படாது, காற்றும் படாது.

"சரிதானேங்கய்யா?" என்று கேட்டான்.

"இனி அழியாது" என்றார் செட்டியார். "இனி நான் பாக்கவும் முடியாது."

சரி என்று மட்டும் சாகும்வரை அவர் சொல்லவில்லை.

பின்னால் இருப்பது தெரியாமல் தேனம்மை இன்றும் வெள்ளிதோறும் அந்தத் தகட்டைத் துலக்குகிறாள். இந்தக் கதையை யார் சொன்னதென்று அவள் கேட்டால், நீங்கள் என்னைப் பார்த்ததே இல்லை.