தலைவர் பார்க்காத முகம்

பெரிய சபை, பரிசல்காரன் மாதப்பனின் பரிசல் துறையைப் பிடுங்கி மிராசுதாருக்குக் கொடுத்துவிட்டது. சாசனத்தை மீறினால் பெரிய சபையையும் தட்டிக்கேட்கும் சாசன சபைக்கு மாதப்பன் போனான்.

அங்கே வரவழைக்கப்பட்ட பெரிய சபைத் தலைவர் எகிறினார். "என் தீர்ப்பு சரியா தப்பான்னு பார்க்க இவங்க யாரு?"

"அது வேண்டாம் சாமி," என்றான் மாதப்பன். "விசாரிக்காம தீர்ப்புச் சொல்லக் கூடாதுன்னு சாசனம் இருக்கு. அதை மீறினீங்களான்னு மட்டும் பார்க்கட்டும்."

"பௌர்ணமி அன்னைக்குப் பகல் முழுக்க இவனை எதிரே நிறுத்தி விசாரிச்சேனே!"

"அன்னைக்குப் பகல்ல உங்களை அக்கரை விருந்துக்குக் கூட்டிப்போனதே நான்தானே சாமி!"

சாசன சபை நடுவர் தொண்டையைச் செருமினார். "ஆமாம், என் பக்கத்து இலையிலதான் சாப்பிட்டீங்க. தீர்ப்பு செல்லாது. இவனைக் கேட்டுட்டு மறுபடி சொல்லுங்க."

சாயங்காலம் பரிசலில் ஏறிய தலைவர், முதன்முதலாக மாதப்பனின் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லப்பா, கேட்கிறேன்."