ஒரு வாய்

"உவைஸு, குர்ஆன் என்னை விட்டுப் போய்க்கிட்டிருக்குப்பா."

வந்து உட்காரக்கூட இல்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னார் காரி சதக்கத்துல்லா.

உவைஸ் நிமிர்ந்து பார்த்தார். "முதல்ல உள்ளே வா. காலெல்லாம் வெங்காயத் தோலு."

வெங்காய மண்டிக்குள் இருக்கிற சின்னப் பள்ளிவாசல் அது. நாற்பது பேர் நிற்கலாம். நாற்பத்தொன்றாவது ஆள் மூட்டைமேல்தான் நிற்க வேண்டும். உவைஸ் அங்கே தொழுகை நடத்தும் இமாம். தொழ வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சுமை தூக்குகிறவர்கள்.

காரியைப் பற்றி 'அறிமுகம் தேவையில்லாதவர்' என்று போஸ்டரில் போடுவார்கள். அப்படிப் போட்டுவிட்டு அரைப் பக்கம் அறிமுகமும் போடுவார்கள். நகரத்துப் பெரிய பள்ளிவாசலின் இமாம். அழகாகக் குர்ஆன் ஓதுவதில் பெயர் போனவர்; காரி என்ற பட்டமே அதற்குத்தான். கேசட் காலத்தில் கேசட், இப்போது செல்போன். கொழும்பு, கோலாலம்பூர், துபாய் என்று போகாத ஊர் இல்லை. வயது அறுபத்தொன்று. குரலுக்கு மட்டும் இன்னும் இருபத்தைந்துதான். வினையே அதுதான்.

இரண்டு பேரும் ஒரே மதரஸாவில், ஒரே பாயில் உட்கார்ந்து முழுக் குர்ஆனையும் மனப்பாடம் செய்தவர்கள்.

"இப்ப சொல்லு. என்ன ஆச்சு?"

"நேத்து விடியக்காலை சுபுஹுத் தொழுகையில ரெண்டு வரியை விட்டுட்டேன். முந்தாநாள் ஒரு சூராவுல ஆரம்பிச்சு வேறொரு சூராவுல போய் முடிச்சேன். பின்னாடி அறுநூறு பேரு. அதுல ஒன்பது பேர் நம்மள மாதிரி மனப்பாடம் பண்ணினவங்க. ஒருத்தனும் வாயைத் திறக்கலப்பா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தொழுகை முடிஞ்சதும் கையைப் பிடிச்சு முத்தம் கொடுக்குறாங்க. 'அஜ்ரத், இன்னைக்கு என்னா ஓதல்!'னு ஒருத்தன் அழுதே போயிட்டான்."

உவைஸுக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதே. எரிச்சலா வருது. எனக்குக் களைச்சுப் போச்சு, உவைஸு. நாப்பது வருஷமா ஓதி ஓதித் தொண்டையும் களைச்சுப் போச்சு, ஆளும் களைச்சுப் போச்சு. இன்னும் நாலு நாள்ல ரமலான். மாசம் முழுக்க நின்னு முழுக் குர்ஆனையும் நான் ஓதணும். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாச்சு. எனக்கு மறக்குதுன்னு எந்த முகத்தோட சொல்றது? சொல்லாம எந்த முகத்தோட நிக்கிறது?"

"என்னை என்ன செய்யச் சொல்றே?"

"நீ வா. பழையபடி என் பின்னாடி நில்லு. நீ நின்னா எனக்குப் பயமில்ல."

தொழ வைக்கிறவர் ஓதும்போது தடுமாறினால், பின்னால் நிற்கிறவர் சரியான வரியை உரக்க எடுத்துக் கொடுப்பார். முன்னால் நிற்பவர் அதை வாங்கி ஓதித் தொடர்வார். அதற்கு லுக்மா என்று பெயர். அரபியில் அந்தச் சொல்லுக்கு ஒரு வாய்ச் சோறு என்று அர்த்தம்.

பத்தொன்பது ரமலான், காரிக்குப் பின்னால் நின்று லுக்மா கொடுத்தவர் உவைஸ். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் இந்த மண்டிக்கு வந்துவிட்டார். ஏன் போனாய் என்று காரி இதுவரை கேட்டதில்லை. காரணம் தெரிந்த மனுஷன் எதற்குக் கேட்கப் போகிறார்?

உவைஸ் பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். சோறு, பருப்பு, ஒரு துண்டு கருவாடு. லாரியிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு வந்த பக்ருதீன் கையைக் கழுவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். நாற்பது வயது ஆள். தோளில் சாக்குத் துணி இன்னும் இருந்தது.

உவைஸ் ஒரு கவளம் உருட்டினார். தன் வாய்க்குக் கொண்டு போகவில்லை. காரியின் வாய்க்கு நேராக நீட்டினார்.

"என்னப்பா இது?"

"வாயைத் திற."

"வேணாம்ப்பா. வர்ற வழியில ஒரு வீட்டுல விருந்து. வயிறு நிறைஞ்சிருக்கு."

நீட்டிய கை அப்படியே நின்றது. பக்ருதீன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நிறைஞ்சிருக்குன்னு சொல்றேன்ல?"

"சரி," என்றார் உவைஸ். கவளத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பக்ருதீனே எழுந்து, தொழ வரும்படி அழைக்கும் பாங்கு சொன்னான். உவைஸ் தட்டை மூடி வைத்துவிட்டு, "நீ தொழ வை," என்றார்.

"நானா? மைக் எங்கே இருக்கு?"

"இங்க மைக் கிடையாது. முப்பது பேருக்கு எதுக்கு மைக்கு?"

காரி முன்னால் போய் நின்றார். இரண்டாவது ரக்அத்தில், தொழுகையின் இரண்டாம் சுற்றில், காஃபிரூன் என்ற அத்தியாயத்தை எடுத்தார். ஆறே வரி. அதில் ஒரு வம்பு உண்டு. மூன்றாவது வரியும் ஐந்தாவது வரியும் ஒரே வரிதான். அசந்தால் மூன்றிலிருந்து நேராக ஆறுக்குத் தாவிவிடலாம்.

காரி தாவிவிட்டார்.

பின்னாலிருந்து ஒரு குரல் நாலாவது வரியை எடுத்துக் கொடுத்தது. லாரிக்காரனைப் பார்த்து 'பின்னாடி வா, பின்னாடி வா' என்று கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரல். உச்சரிப்பு கரடுமுரடு. வரி சரி.

காரி நின்றார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், டிவியில் நேரடியாகக் காட்டிய முதல் தொழுகை அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் விட்டார். அன்றைக்கு எடுத்துக் கொடுத்தது உவைஸ். காதில் நன்றாக விழுந்தது. எதிரே கேமரா இருந்தது. குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றி, கேட்காத மாதிரி ஓதிக்கொண்டே போய்விட்டார். மறுநாள் ஊரே புகழ்ந்தது.

இங்கே கேமரா இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை. 'ஒரு மூட்டைக்காரன், எனக்கா?' என்றது மனசு. இதைச் சொன்னது தன் மனசுதானா என்று அவருக்கே கூசிப்போனது.

அந்தக் குரல் மறுபடியும் கொடுத்தது. இந்தத் தடவை இன்னும் சத்தமாக.

காரி வாங்கிக்கொண்டார். நாலாவது வரிக்குத் திரும்பினார். ஐந்து, ஆறு என்று ஓதி முடித்தார். குரல் உடைந்து, கிழவன் குரலாக இருந்தது. யாருக்கும் அது புதிதாகப் படவில்லை. அவரைத்தான் அங்கே யாருக்கும் தெரியாதே.

தொழுகை முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். பக்ருதீன் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அஜ்ரத், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க யாருன்னு இப்பத்தான் சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்."

"உனக்குத் தெரியாமப் போச்சே, அல்ஹம்துலில்லாஹ்," என்றார் காரி. "உனக்கு எத்தனை சூரா தெரியும்?"

"கடைசிப் பத்துதான் அஜ்ரத். ரமலான் முழுக்க இங்கே அந்தப் பத்துதான் ஓதுவாங்க. நாளெல்லாம் மூட்டை தூக்கிட்டு வந்து அதுக்கு மேல நிக்கக் கால் ஒத்துக்காது."

காரி உவைஸ் பக்கம் திரும்பினார்.

"நீயும்தானே பின்னாடி நின்னே? உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் சும்மா நின்னே?"

"நான் கொடுத்தது ஒண்ணு பன்னிரண்டு வருஷமா என் கையிலேயே இருக்கு. முதல்ல அதுக்கு ஒரு வழி சொல்லு."

காரியால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"எனக்குக் காதுல விழுந்துச்சு, உவைஸு. அன்னைக்கு நல்லா விழுந்துச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயும்தான் கேக்கல."

காரியின் சட்டைப்பையில் போன் அடித்தது. பெரிய பள்ளிவாசல் தலைவர்.

"அஜ்ரத், முதல் நாளுக்குக் கேமராவை எங்கே வைக்கட்டும்? முகம் நல்லாத் தெரியணும்ல?"

"கேமரா கிடக்கட்டும் தலைவரே. மனப்பாடம் பண்ணின அந்த ஒன்பது பேரையும் எனக்கு நேர் பின்னாடி நிறுத்துங்க. எனக்கு மறக்குது. விட்டா சத்தமா எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்க."

"என்ன அஜ்ரத் தமாஷ் பண்றீங்க? நீங்களாவது மறக்குறதாவது!"

"இப்பத்தான் காஃபிரூன் சூராவுல விட்டேன். மண்டியில ஒருத்தர் எடுத்துக் கொடுத்தாரு."

காரி போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

உவைஸ் தட்டின் மூடியைத் திறந்தார். ஓரத்தில் வைத்த கவளம் அங்கேயே இருந்தது.

"ஆறிப்போச்சு," என்றார்.

காரி நகர்ந்து கிட்டே வந்து உட்கார்ந்தார்.

"பசிக்குதுப்பா."