கோமதி பாடிய ஹால்

“கோமதி குரல் மாதிரியே இல்ல, டீச்சர்.”

பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார் சங்கரலிங்கம்.

பாளையங்கோட்டையில் கல்யாண மண்டபமோ சர்ச்சோ, ஒலி சரியில்லை என்றால் ஜெபராணி டீச்சரைத்தான் கூப்பிடுவார்கள். டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் அறுபத்தொரு வயதில் சிஷ்யனாகச் சேர்ந்தவர் சங்கரலிங்கம். எதற்கு? பாட்டுக் கேட்கப் படிக்க. தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

மனைவி கோமதி போய் நாளையோடு ஒரு வருஷம். அவள் இந்த வீட்டு ஹாலில் பாடிப் பதிந்தது ஒரே ஒரு கேசட். அதைக் கேட்க ஜெர்மனியிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு ஸ்பீக்கர் இரண்டு வரவழைத்திருந்தார் மனுஷன். முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார், மூலைக்குத் திருப்பினார். ம்ஹூம். யாரோ தகரக் கொட்டகைக்குள் நின்று கத்துகிற மாதிரிதான் இருந்தது.

“நாளைக்கு மக சிவகாமி வாரா, டீச்சர். அவ அம்மா போன மூணாம் மாசம் வந்து இந்த ஹாலைப் பாத்தா. ‘அம்மா இருந்த வீடு மாதிரியே இல்லப்பா’ன்னு சொல்லிட்டுப் போனவதான், பெறகு எட்டிப் பாக்கல. அம்மா பாட்டுப் போடுதேன், வாம்மான்னு கெஞ்சிக் கூப்பிட்டிருக்கேன். இதைக் கேட்டா மறுபடியும் போயிருவா.”

டீச்சர் ஹால் நடுவில் நின்று கையை ஒருதரம் தட்டினார்.

டர்ர்ர் என்று அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடியது.

வெறும் டைல்ஸ் தரை. வெறும் சுவர். ஜன்னலில் ஒரு திரைகூட இல்லை.

“முந்தி இங்க என்ன இருந்துச்சு?”

“கட்டிலு. அவ படுத்த மெத்தை. கொடி நிறையச் சேலை. திரைச்சீலை.”

“எங்க அதெல்லாம்?”

“பின்னறையில போட்டுப் பூட்டிட்டேன். பாத்தா நெஞ்சு வலிக்கி, டீச்சர்.”

“ஒரு கண்ணாடி கொண்டாங்க.”

பூட்டாமல் விட்டது குளியலறைக் கண்ணாடி ஒன்றைத்தான். சவரம் பண்ண வேண்டுமே! அதன் ஓரத்தில் கோமதி ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு மூன்று. தினமும் அதைப் பார்க்காமல் தாடையை மட்டும் பார்த்துச் சவரம் பண்ணப் பழகியிருந்தார். இப்போது கண்ணாடியைக் கொண்டுவந்து, நகத்தால் பொட்டைச் சுரண்டப் போனார்.

“அது இருக்கட்டும், சார்.”

வழக்கமாக அவர் உட்கார்ந்து கேட்கும் நாற்காலியில் டீச்சர் அவரை உட்காரச் சொன்னார். கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்தினார்.

“இதுக்குள்ள ஸ்பீக்கர் எந்த இடத்துல தெரியுதோ, அங்கதான் அவங்க குரல் முட்டித் திரும்புது. தெரிஞ்சதும் சொல்லுங்க.”

சுவர் முடியப் போகிறது. சங்கரலிங்கம் குனிந்தபடியே இருந்தார்.

“நீங்க தரையைப் பாக்கீங்க, சார்.”

டீச்சர் மறுபடியும் முதலிலிருந்து நகர்த்திக்கொண்டு வந்தார். சங்கரலிங்கம் நிமிர்ந்தார்.

கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிந்தது. அதற்கு மேலே மூன்று பொட்டு. பொங்கிவிட்டது அழுகை. பாவி மனுஷன், ஒரு வருஷம் அடக்கிவைத்த அழுகை.

டீச்சர் கண்ணாடியை அசைக்கவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, “தெரியுது” என்றார் சங்கரலிங்கம்.

“இந்த இடத்துல குரலை உள்ள வாங்கிக்க மெத்துன்னு ஏதாவது நிக்கணும். எதிர்ச் சுவர்லயும். தரையிலயும்.”

“வாங்கிருவோம், டீச்சர். பஞ்சுப் பலகையோ கம்பளமோ, எந்த நாட்டுல கிடைச்சாலும் சரி…”

டீச்சர் மறுபடி கையைத் தட்டினார்.

டர்ர்ர்.

அது ஓடி அடங்கும்வரை சங்கரலிங்கம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, இடுப்பில் முடிந்திருந்த சாவியை எடுத்தார். பின்னறைப் பூட்டு துருவேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருகித் திறந்தார்.

உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு குரல் மட்டும் வந்தது.

“மெத்தையை ஒரு பக்கம் பிடிங்க, டீச்சர். தனியாத் தூக்க என்னால முடியல.”