பாலத்தில் யாரும் இறங்கக் கூடாது

வடகரைக்கு ராஜா செண்பகமாறன். தென்கரைக்கு ராஜா வெட்டுவராயன். நடுவில் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம், பாலத்தின் நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு. வடகரை மாட்டுவண்டி கோடு வரைக்கும் வரும், நிற்கும். ஜனங்கள் மூட்டையோடு இறங்கி, கோட்டைத் தாண்டி, தென்கரை வண்டி வரும்வரை வெயிலில் காய்வார்கள். அது எப்போது வரும்? வரும்போது வரும்.

ராஜாக்களுக்குள் பகை ஏதும் இல்லை. வருஷம் தவறாமல் விருந்து வைத்துக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். வண்டிகளைப் பற்றிக் கூடிப் பேச ஒரு குழுவும் போட்டார்கள். குழு எந்தக் கரையில் கூடுவது என்று பேச இன்னொரு குழு. அது இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஒருநாள் தயிர் விற்கும் வடகரைச் செவந்தி செண்பகமாறன் சபைக்கே வந்துவிட்டாள்.

"மகாராஜா, வீட்ல இருந்து தயிரா கொண்டுபோறேன். கோட்டுல இறங்கி ஏறி அக்கரை போறதுக்குள்ள மோராயிடுது. இப்படியே போனா நான் பானையைக் கவுத்துட வேண்டியதுதான்."

சபை சிரித்தது. ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. விகடகவி தும்பையனைப் பார்த்தார்.

"தும்பையா, இனிமே பாலத்துல யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ஏற்பாடு பண்ணு."

"ரொம்ப சுலபம் மகாராஜா. நம்ம வண்டி அக்கரை வரைக்கும் போகட்டும், அவங்க வண்டி இங்க வரட்டும்."

"அதெப்படி? என் மாடு அவன் மண்ணை மிதிக்காது. அவன் மாடும் இங்க காலை வைக்கக் கூடாது. ரெண்டு உத்தரவும் நிக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலேன்னா நீ ஊரைவிட்டுக் கிளம்பு."

என்ன ஒரு புத்திசாலித்தனமான உத்தரவு. சபை கைதட்டியது. ராஜா சொன்னால் தட்டித்தானே ஆகவேண்டும்.

தும்பையன் அக்கரைக்கு ஆள் அனுப்பினான்: 'வெள்ளிக்கிழமை எங்க மகாராஜா ஜனங்களோட வண்டியில வர்றார். நீங்க வரலேன்னா பேரெல்லாம் அவருக்குத்தான்.' போதாதா? வெட்டுவராயனும் வண்டி ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை. இந்தப் பக்கத்திலிருந்து செண்பகமாறன் வண்டி, பின்னால் செவந்தி வண்டி, அதற்கும் பின்னால் ஊரே. அந்தப் பக்கமும் அதே கதை. பாலத்தில் ரெண்டு வண்டி ஒதுங்கிப் போகலாம். திருப்ப மட்டும் முடியாது.

கோட்டில் வண்டிகள் நின்றன.

"ஏண்டா நிக்குது?" என்றார் செண்பகமாறன்.

"உங்க மாடு அவங்க மண்ணை மிதிக்கக் கூடாதே மகாராஜா."

"சரி, நான் இறங்கி நடக்கிறேன்."

காவலாளிகள் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்கள். தும்பையன் கைகட்டிக்கொண்டு சொன்னான், "யாரும் இறங்கக் கூடாதுன்னு உத்தரவு. போட்டது நீங்க."

"அப்ப வண்டியைத் திருப்பு."

"பின்னால ஊரே நிக்குது."

வெயில் ஏறியது. கிரீடம் சுட்டது. பக்கத்து வண்டியில் வெட்டுவராயன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார். வடகரை மாடு தலையை நீட்டித் தென்கரை வண்டியின் வைக்கோலை மெல்ல ஆரம்பித்தது. அதற்கு எந்தக் குழுவும் கூடவில்லை.

"தயிர் போச்சு," என்றாள் செவந்தி பின்னாலிருந்து. "யாருக்கு மோர் வேணும்?"

செண்பகமாறனால் தாங்க முடியவில்லை. "தும்பையா, இப்படியே எவ்வளவு நேரம்டா உட்கார்ந்திருக்கிறது?"

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இறங்கி வர்ற வரைக்கும் மகாராஜா."

"இறங்கக் கூடாதுன்னுதானே நீயே மறிச்சே?"

"வண்டியை விட்டு இறங்கத்தான் தடை. வீம்பை விட்டு இறங்கி வரத் தடையே இல்லையே. நீங்க ரெண்டு பேரும் இறங்கி வராததாலதான் இத்தனை வருஷமா ஜனங்க இறங்கிக்கிட்டு இருக்காங்க."

முதலில் சிரித்தது வெட்டுவராயன். அவர் மட்டும் சிரித்தால் எப்படி என்று செண்பகமாறனும் சிரித்தார். ரெண்டு பேரும் ஒரே மூச்சில் "போகட்டும்" என்றார்கள். வடகரை மாடு தென்கரையை மிதித்தது. பூமி ஒன்றும் பிளக்கவில்லை.

தும்பையனுக்குப் பரிசு? ஒரு ஜோடி தங்கக் காப்பு என்று முடிவாயிற்று. ஆளுக்கொன்றாகச் செய்து அனுப்பினார்கள். ஒன்று முழங்கையில் போய் நிற்கிறது, இன்னொன்று விரலைத் தாண்டவில்லை. ரெண்டு அரண்மனையும் அளவைப் பேசி வைத்துச் செய்திருக்கலாமே என்றால், அது பேராசை.