கார்மேகத்தின் காவிக் கோடு

நெல்லிக்கோட்டை ராஜா வல்லபராயருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, வெல்லப் பணியாரம். இன்னொன்று, கடைசியாக யார் பேசுகிறாரோ அவர் சொல்வதுதான் சரி என்று நம்பிவிடுவது. இந்த இரண்டாவது பலவீனம்தான் நம் கார்மேகத்தின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

கார்மேகத்துக்கு என்ன வேலை என்கிறீர்களா? ராஜாவின் பெரும்பள்ளியில் வைத்தியம், நீதி, ஏரி கட்டும் வித்தை என்று படிக்கிறவர்கள் கடைசி வருடத்தில் ஆளுக்கொரு ஆய்வேடு எழுதியாக வேண்டும். அதை எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவதுதான். பதின்மூன்று வருடமாக இதே பிழைப்பு. வேறு தொழில் அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் பிடிக்காது. ஏட்டை நீட்டினால் போதும், காவிக் கட்டியால் ஓரத்தில் ஒரு கோடு இழுப்பார். பக்கத்திலேயே ஒரு கேள்வி. "யார் சொன்னது?" "எப்படித் தெரியும்?" "கொஞ்சம் வேப்பிலை என்றால் எத்தனை இலை?" மாணவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தி எழுதுவார்கள்.

இந்தக் கோட்டால்தான் வம்பு வந்தது. ஆஸ்தானப் புலவர் சடகோபர் ராஜாவைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதி, எல்லாரும் படித்து மகிழட்டும் என்று பெரும்பள்ளிக்கு அனுப்பினார். "ஒற்றைக் கையால் ஏழு யானையைத் தூக்கியவன்" என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் எவனோ ஒரு மாணவன், பழக்கதோஷம், காவிக் கோடு இழுத்து "பார்த்தவர் யார்?" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டான்.

சடகோபருக்கு உச்சந்தலை கொதித்தது. நேரே சபைக்குப் போனார்.

"மகாராஜா, எழுத்துத் தெரிந்தவன் எழுதிவிட்டுப் போகிறான். அதைச் சொல்லித்தர ஒரு வாத்தியார் எதற்கு? நடக்கச் சொல்லித்தர ஆள் வைத்திருக்கிறோமா?"

"சரிதான்," என்றார் ராஜா. "கூப்பிடுங்கள் கார்மேகத்தை."

கார்மேகம் வந்து நின்றதும் சடகோபர் மெல்லச் சிரித்தார். "அவர் வேலை தேவையில்லை என்று அவரே ஒரு விண்ணப்பம் எழுதட்டும், மகாராஜா. படித்து உங்களுக்குச் சம்மதம் என்றால் வேலை போகும். சம்மதம் இல்லையென்றால், வாத்தியாருக்கே எழுதத் தெரியவில்லை என்று ஆகிறது. அப்போதும் வேலை போகும்."

"பிரமாதம்," என்றார் ராஜா.

கார்மேகம் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதின்மூன்று வருட வேலை, இப்படிப் போனாலும் போகும், அப்படிப் போனாலும் போகும். ஆனால் எந்தப் பேச்சைக் கேட்டாலும் அதற்கு ஆதாரம் தேடுகிற புத்தி அவருக்கு. அது சும்மா இருக்குமா?

"தாராளமாக எழுதுகிறேன், மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். இதிலேயே ஊறிப்போனவன் நான். நான் எழுதினால், சொல்லித்தராமலே எழுத வரும் என்பதற்கு அது ஆதாரமாகுமா? இதை யாரிடமும் கற்காதவர் அல்லவா எழுத வேண்டும்? புலவரே எழுதட்டும். கேட்டதும் சபைக்குப் புரிந்துவிட்டால் நானே மூட்டை கட்டுகிறேன்."

கடைசியாகப் பேசியவர் கார்மேகம். "அதுவும் சரிதான்," என்றார் ராஜா.

மறுநாள் காலை சடகோபர் நாற்பது ஏடுகளோடு வந்தார். வாசிக்க ஆரம்பித்தார். ராஜாவின் கொள்ளுத்தாத்தா பிறந்தார், வளர்ந்தார், குதிரை ஏறினார். குதிரைகளுக்கு மட்டும் ஏழு ஏடு. கங்கையின் அலைகளுக்கு ஒன்பது ஏடு. ராஜா இருபதாவது ஏட்டில் கண்ணயர்ந்தார். நாற்பதாவது ஏட்டில், "பூந்தோட்டத்தில் வேண்டாத கொடியைக் களைந்தருள்க" என்று முடித்து, சடகோபர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"புலவர் என்ன கேட்கிறார் என்று சபையில் ஒவ்வொருவராகச் சொல்லட்டும்," என்றார் கார்மேகம்.

சேனாபதி மீசையைத் தடவினார். "இதில் என்ன சந்தேகம்? பக்கத்து நாட்டின் மேல் குதிரைப்படை அனுப்பச் சொல்கிறார்."

மடைப்பள்ளித் தலைவர் தலையசைத்தார். "இல்லை, இல்லை. தோட்டத்தில் பூசணிக்கொடி அதிகமாகிவிட்டதாம். பறித்துக் கூட்டு வைக்கச் சொல்கிறார்."

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா? கங்கையைப் பற்றி எப்படி உருகினார். இந்த வயதில் காசிக்கு நடந்து போக உத்தரவு கேட்கிறார், பாவம்."

அந்த நேரம் பார்த்துத்தான் ராஜா விழித்தார். காதில் விழுந்தது ராணியின் பேச்சு மட்டும். "அப்படியே ஆகட்டும். நாளைக் காலையே புறப்படட்டும். நடந்தே போகட்டும். உத்தரவை எழுதுங்கள்."

"மகாராஜா, நான் கேட்டது அதில்லை," என்று சடகோபர் பதறினார்.

"உத்தரவு எழுதியாகிவிட்டது, புலவரே. ரத்து வேண்டுமானால் நீரும் எழுதிக் கொடும். ஒரே ஒரு ஏடு. எனக்குத் தூக்கம் வரக் கூடாது."

அன்று மத்தியானம் பெரும்பள்ளியில், கார்மேகத்தின் வகுப்பில், கடைசி வரிசையில் ஒரு பெரிய தலைப்பாகை தெரிந்தது. மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சடகோபர் முதல் தரம் எழுதியதில் நிலா வந்தது, கார்மேகம் கோடு இழுத்தார். இரண்டாம் தரம் குயில் வந்தது, கோடு இழுத்தார். மூன்றாம் தரம் எழுதியதைப் படித்துத் தலையசைத்தார். சடகோபர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

சாயங்காலம் ராஜா அதை ஒரே மூச்சில் படித்தார். "காசிக்கு நடக்க என்னால் இயலாது. காரணம், முழங்கால் வீக்கம். பரிசோதித்தவர் அரண்மனை வைத்தியர். அவர் எழுதித் தந்த ஏடு இத்துடன் இருக்கிறது."

"அட, புரிகிறதே," என்றார் ராஜா. "இப்படி எழுத எங்கே கற்றீர்?"

சடகோபர் தரையைப் பார்த்தார். "கார்மேகத்திடம். மூன்று தரம் எழுதவைத்தார்."

"ஆக, சொல்லித்தந்தால்தான் வருகிறது." ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "கார்மேகம், ஆயுசுக்கும் அந்த வேலை உம்முடையதுதான். வேறென்ன வேண்டும், கேளும்."

"புதுக் காவிக் கட்டி ஒரு கூடை, மகாராஜா. இந்த மத்தியானத்தில் பாதி தீர்ந்துவிட்டது."

"என் காசிப் பயணம் ரத்துதானே, மகாராஜா?" என்று சடகோபர் இழுத்தார்.

ராஜா கார்மேகத்தின் கையிலிருந்த காவியை வாங்கி, ஏட்டின் ஓரத்தில் நிதானமாக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஏதோ எழுதி நீட்டினார். கார்மேகம் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்று தரம் பார்த்தும் விட்டுவிட்டாரே.

"எந்த முழங்கால்?"